ஓபனிங் வேறு, ஓட்டம் வேறு: வசூல் எண்களைப் படிக்கும் முறை

பெரிய நடிகரின் படத்துக்கு முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் முதல் நாள் காட்சிகள் நிரம்பிவிடுகின்றன. டிக்கெட் வாங்கியவர்களில் ஒருவர்கூடப் படத்தைப் பார்த்தவர் இல்லை. அவர்கள் பார்த்தது ஒரு டிரெய்லர், கேட்டது மூன்று நான்கு பாட்டு. ஆகவே வெள்ளிக்கிழமை வசூல் அந்தப் படத்தின் மீதான தீர்ப்பாக இருக்க வழியே இல்லை. அது எதிர்பார்ப்பின் அளவு, அவ்வளவுதான். இதை மறந்துவிட்டுத்தான் "இத்தனை கோடி வந்திருக்கிறதே, படம் எப்படி மோசமாக இருக்கும்?" என்று ஒரு தரப்பும், "கூட்டமே இல்லை, அப்படியென்றால் படம் சரியில்லை" என்று இன்னொரு தரப்பும் வாராவாரம் மல்லுக்கட்டுகின்றன.

அதற்காக வசூலுக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று கைகழுவிவிடவும் முடியாது. சம்பந்தம் இருக்கிறது. அது மொத்தக் கோடியில் தெரியாது. வசூல் எந்த நாளில், எந்த ஊரில், எந்தக் காட்சியில் எவ்வளவு இறங்கியது என்பதில் தெரியும்.

எதிர்பார்ப்பு எப்படி உருவாகிறது

நடிகருக்கென்று ஒரு நிலையான கூட்டம் உண்டு. படம் எதுவானாலும் முதல் இரண்டு நாளில் வந்துவிடும் கூட்டம் அது. அதற்கு மேல் சேர்வது பெரும்பாலும் இயக்குநரின் முந்தைய படம் சம்பாதித்துக் கொடுத்த நம்பிக்கை. 2019 அக்டோபர் 25, தீபாவளி வெளியீடாக 'பிகில்' வந்த அதே நாளில் 'கைதி'யும் வந்தது. திரைகளில் பெரும்பங்கு 'பிகில்' வசம். 'கைதி'யில் பாட்டு இல்லை, நாயகி இல்லை, கதை ஓர் இரவுக்குள் முடிகிறது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் அதற்குக் கூட்டம் கூடியது. ஆனால் அந்த நல்ல பெயர் முழுமையாகக் காசானது 'கைதி'யின் கல்லாவில் இல்லை. அதன் இயக்குநர் லோகேஷ் கனகராஜின் படங்களாக 2022 ஜூனில் வந்த 'விக்ரம்', அடுத்து 2023 அக்டோபரில் வந்த 'லியோ' ஆகியவற்றின் முன்பதிவில்தான் அது காசானது. ஒரு படம் நன்றாக இருந்ததன் பலனை அடுத்த படத்தின் ஓபனிங் அறுவடை செய்கிறது.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 1999இல் வந்த 'படையப்பா'வின் வெற்றிக்குப் பின் 2002இல் 'பாபா' வந்தது. எதிர்பார்ப்புக்கும் முதல் நாள் கூட்டத்துக்கும் அதில் எந்தக் குறையும் இல்லை. அந்த எதிர்பார்ப்பை நம்பி விலை கொடுத்தவர்கள் நஷ்டப்பட்டார்கள், ரஜினிகாந்த் அவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

தேதியும் ஒரு பங்கு வகிக்கிறது. பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆகஸ்ட் 15, ஆயுத பூஜை, தீபாவளி நாட்களில் சராசரிப் படத்துக்கும் அரங்கு நிறையும். அதனால் பொங்கலுக்கு வந்த படத்தின் முதல் நான்கு நாளையும், ஜூலை மாதத்துச் சாதாரண வெள்ளியில் வந்த படத்தின் நான்கு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

டிரெய்லர் பார்வைகளை எதிர்பார்ப்பின் அளவாக எடுத்துக்கொள்வதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. யூடியூபில் விளம்பரமாகப் பணம் கட்டி ஓட்டும்போது விழும் பார்வைகளும் அந்த எண்ணிக்கையில் சேர்கின்றன. முன்பதிவுச் செயலிகளில் 'ஆர்வம் இருக்கிறது' என்று அழுத்துவதற்கும் காசு இல்லை. செலவில்லாமல் காட்டும் ஆர்வத்துக்கு மதிப்புக் குறைவு. உண்மையான எதிர்பார்ப்பைப் பார்க்க வேண்டுமானால், வெள்ளி முதல் காட்சியை விட்டுவிட்டு ஞாயிறு மேட்னிக்கு எத்தனை இருக்கை வெளியீட்டுக்கு முன்பே போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் காட்சியில் ரசிகர் மன்றங்கள் மொத்தமாக எடுத்த டிக்கெட் இருக்கும். ஞாயிறு பகலில் நான்கு நான்காக, ஐந்து ஐந்தாகப் பதிவாகும் இருக்கைகள் குடும்பங்களுடையவை. விமர்சனம் வருமுன்பே அவர்கள் பணம் கட்டியிருந்தால், படம் தன் ரசிகர் வட்டத்துக்கு வெளியேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். சிறு ஊர்களில் கவுன்டர் விற்பனை இன்னும் கணிசமாக இருப்பதால், செயலியில் காலியாகத் தெரிவதை மட்டும் பார்த்து அங்கே கூட்டம் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

190 ரூபாய் எங்கே போகிறது

'100 கோடி' என்று போஸ்டரில் வருவது கிராஸ், அதாவது வரி உட்பட ரசிகர்கள் கொடுத்த மொத்தப் பணம். தமிழ்நாட்டில் 2017 அக்டோபரில் மல்டிபிளெக்ஸ் அடிப்படைக் கட்டண உச்சவரம்பு 150 ரூபாய் ஆனது. அதன்மேல் தமிழ்ப் படத்துக்கு 2025 வரை இருந்த 8 விழுக்காடு உள்ளாட்சிக் கேளிக்கை வரி, அந்தத் தொகையின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்று வைத்தால் ஏறத்தாழ 191 ரூபாய் வரும். சென்னையில் நெடுநாள் பழகிய 190 ரூபாய் டிக்கெட்டின் கணக்கு இதுதான். (100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 விழுக்காடாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 அப்படியே நிற்கிறது.)

வரி போக மிஞ்சும் 150 நெட். அதைத் தியேட்டரும் வினியோகஸ்தரும் பிரித்துக்கொள்கிறார்கள். முதல் வாரத்தில் வினியோகஸ்தருக்கு 60 விழுக்காடு என்று வைத்தால் 90 ரூபாய். இதுதான் ஷேர். அதில் வினியோகஸ்தரின் கமிஷன் 10 விழுக்காடு போனால் தயாரிப்பாளரிடம் சேர்வது 81 ரூபாய். ஆக, தமிழ்நாட்டில் 100 கோடி கிராஸ் என்றால் தயாரிப்பாளர் கைக்கு 42, 43 கோடி. பெரிய நடிகர் படங்களுக்கு முதல் வாரப் பங்கை 70 விழுக்காட்டுக்கு மேலும் கேட்பார்கள். தியேட்டர்காரர்கள் முறைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வாரம் ஏற ஏற வினியோகஸ்தர் பங்கு குறையும் என்பதால், கிராஸ் ஒன்றாகவே இருந்தாலும் முதல் வாரத்தில் வந்த ரூபாயும் நான்காம் வாரத்தில் வந்த ரூபாயும் தயாரிப்பாளருக்குச் சமம் இல்லை. முதல் மூன்று நாளைக் குறிவைத்தே விளம்பரம் முழுவதும் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

'உலக வசூல்' என்ற எண்ணில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. அமெரிக்காவில் பிரீமியர் காட்சிக்கு 20 டாலர் கொடுத்து ஒருவர் பார்த்தால், அது சென்னை மல்டிபிளெக்ஸில் எட்டு ஒன்பது பேர் பார்த்ததற்குச் சமமான ரூபாயாகப் பதிவாகும். வெளிநாட்டில் நன்றாகப் போகும் நடிகரின் படம் கோடிக் கணக்கில் முன்னே நிற்கும், பார்த்த தலைகளின் கணக்கில் பின்னே இருக்கலாம்.

முதல் நாள் எண் நம்பத்தக்கதா என்பதை யாரும் ஒரு பெருக்கலில் சோதிக்கலாம். தமிழ்நாட்டில் உள்ளவை ஆயிரத்தை ஒட்டிய திரைகள். அத்தனையிலும் ஒரே படம் ஓடுகிறது, அரசு சிறப்பு அனுமதி தந்து நாளுக்கு ஐந்து காட்சி, அரங்குக்குச் சராசரி 400 இருக்கை, ஒன்றுகூடக் காலி இல்லை என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சம் டிக்கெட். மாநிலம் முழுவதற்கும் சராசரிக் கட்டணம் 160 ரூபாய் என்றால் 32 கோடி. இவ்வளவு தாராளமாகப் போட்டும் இதுதான் உச்சி. 'லியோ'வுக்குக் காலை 9 மணி முதல் நள்ளிரவு 1.30 வரை ஐந்து காட்சிக்குத்தான் அனுமதி கிடைத்தது. அதிகாலை 4 மணிக் காட்சி கேட்டு நீதிமன்றம் வரை போயும் கிடைக்கவில்லை. அதனால் 'தமிழ்நாட்டில் மட்டும் முதல் நாள் 50 கோடி' என்று யாராவது எழுதினால், அந்த இருக்கைகள் எங்கே இருக்கின்றன என்று கேட்கலாம். தியேட்டரிலிருந்து வினியோகஸ்தருக்குப் போகும் தினசரி அறிக்கை, அதாவது டி.சி.ஆர்., பொதுவில் வருவதில்லை. நாம் படிப்பவை எல்லாம் மதிப்பீடுகள். ஒரே படத்துக்கு மூன்று பேர் மூன்று எண் சொல்வது அதனால்தான்.

அதே வசூல், ஒருவருக்கு ஹிட், இன்னொருவருக்கு நஷ்டம்

வெற்றி தோல்வியை முடிவுசெய்வது வந்த பணம் மட்டும் இல்லை, போட்ட பணமும்தான். தமிழ்நாட்டை சென்னை நகரம், செங்கல்பட்டு, வடதென் ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி-தஞ்சை, மதுரை, நெல்லை-கன்னியாகுமரி என்று ஏரியாக்களாகப் பிரித்து விற்பார்கள். அவுட்ரைட் என்றால் மொத்தமாக வாங்கிவிடுவது, லாபமும் நஷ்டமும் வாங்கியவர் தலையில். எம்.ஜி. என்றால் ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம். ஷேர் அதைத் தாண்டினால் மிஞ்சுவது கமிஷன் போகத் தயாரிப்பாளருக்கு, தாண்டாவிட்டால் குறைவது வினியோகஸ்தருக்கு. அட்வான்ஸ் முறையில் கொடுத்த பணம் ஈடாகாவிட்டால் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும்.

ஓர் ஏரியாவில் படம் 6 கோடி ஷேர் செய்தது என்போம். 4 கோடி எம்.ஜி.க்கு வாங்கியிருந்தால் வினியோகஸ்தர் அடுத்த படத்துக்கும் அதே இயக்குநரைத் தேடிப் போவார். 9 கோடிக்கு வாங்கியிருந்தால் அவருக்கு 3 கோடி நஷ்டம், ஊரெல்லாம் 'ஃபிளாப்' என்று பேச்சு. திரையில் ஓடியது இரண்டு கதையிலும் ஒரே படம், பார்த்தவர்களும் அதே ஆட்கள். தரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வகை 'ஃபிளாப்'பைப் படத்தின் மேல் ஏற்றுவது நியாயமே இல்லை. அது விலை நிர்ணயித்தவர்களின் தவறு.

இதற்கு நேர்மாறான நிலை டேபிள் ப்ராஃபிட். ஓ.டி.டி., சாட்டிலைட் (தொலைக்காட்சி), இசை, இந்தி டப்பிங் உரிமைகளை விற்றதிலேயே முதலீடு திரும்பிவிட்டால், தியேட்டரில் ஆள் இல்லாவிட்டாலும் தயாரிப்பாளருக்கு லாபம். அப்படிப்பட்ட படத்தை 'வெற்றிப் படம்' என்று அறிவிக்கும்போது பார்வையாளர் அதில் எங்கேயுமே இல்லை.

திங்கட்கிழமை

தரம் வசூலில் எட்டிப் பார்க்கும் முதல் நாள் திங்கள். விடுமுறை இல்லை, ரசிகர் காட்சி முடிந்துவிட்டது, வார இறுதியில் பார்த்தவர்கள் அலுவலகத்திலும் கல்லூரியிலும் பேசத் தொடங்கியிருப்பார்கள். அன்றைக்கு டிக்கெட் எடுப்பவர் யாரோ சொல்லி வருகிறவர்.

ஒரு கற்பனைக் கணக்கு. முதல் படம் வெள்ளி 10 கோடி, சனி 8, ஞாயிறு 8, திங்கள் 2. இரண்டாவது படம் வெள்ளி 1 கோடி, சனி 1.6, ஞாயிறு 2, திங்கள் 1. தலைப்புச் செய்தியில் முதல் படம் மூன்று நாளில் 26 கோடி, இரண்டாவது 4.6 கோடி. திங்களை வெள்ளியோடு ஒப்பிட்டால் கதை மாறுகிறது. முதல் படம் வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. இரண்டாவது வெள்ளியன்று எவ்வளவோ அவ்வளவே திங்களன்றும் வாங்கியிருக்கிறது. விடுமுறையில்லாத வெள்ளியின் வசூலில் பாதிக்கு மேல் திங்களில் நின்றால் படம் பிடித்திருக்கிறது என்று வியாபாரத்தில் எடுத்துக்கொள்வார்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் இரண்டாம் வாரம் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமையோடு திங்களை ஒப்பிடுவது வீண், எந்தப் படமும் அங்கே சறுக்கத்தான் செய்யும்.

சனிக்கிழமைக்கும் ஒரு கவனிப்பு வேண்டும். சிறிய படத்துக்கு வெள்ளியைவிடச் சனி ஏறினால் அது வாய்மொழியின் வேலை. பெரிய நடிகர் படத்துக்கு வெள்ளியே நிரம்பி வழிந்திருக்கும் என்பதால், படம் நன்றாக இருந்தாலும் சனியன்று ஏற இடம் இருக்காது. அங்கே பார்க்க வேண்டியது சனி இரவுக் காட்சியும் ஞாயிறு பகலும். 2025 மே 1 அன்று 'ரெட்ரோ'வுடன் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' இந்த ஏற்றத்துக்கு அண்மைய உதாரணம். பெரிய படத்தின் நிழலில் தொடங்கி, பார்த்தவர்களின் பேச்சால் வளர்ந்தது. 2024 பிப்ரவரியில் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டில் டப்பிங்கூட இல்லாமல் மலையாளத்திலேயே ஓடிப் பெரிய வசூல் கண்டதும் அப்படித்தான். அந்தப் படத்துக்கு இங்கே நடிகர் பலம் கிடையாது, கூட்டம் முழுவதும் சொல்லக் கேட்டு வந்த கூட்டம்.

முதல் நாள் விமர்சனங்கள்தான் படத்தைக் கொல்கின்றன என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். 2024 நவம்பரில் தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்களை அனுமதிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. இடைவேளையிலேயே தீர்ப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அநியாயம். ஆனாலும் விமர்சனத்தால் நடப்பது பெரும்பாலும் பேச்சின் வேகம் கூடுவதுதான். முன்பு பத்து நாளில் பரவிய பேச்சு இப்போது பத்து மணி நேரத்தில் பரவுகிறது. பேச்சின் திசையை மாற்ற அதனால் அதிகம் முடிவதில்லை.

இந்தச் சரிவுக் கணக்கும் ஏமாற்றும் இடங்கள்

திங்கள் இறக்கத்தைப் பார்த்ததுமே தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. தமிழில் ஆண்டுக்கு 200க்கு மேல் படங்கள் வருகின்றன, வெள்ளிக்கு நான்கைந்து. சிறிய படத்துக்கு ஒரு திரையில் பகல் காட்சி ஒன்று மட்டும் கிடைக்கும். கேள்விப்பட்டு மாலையில் போகலாம் என்று நினைப்பவருக்கு மாலைக் காட்சியே இருக்காது. செவ்வாய்க்குள் 'ஷோ கட்', வியாழன் இரவு அடுத்த வாரத்தின் அட்டவணை வரும்போது படமே இல்லை. இங்கே விழுந்தது இருக்கைகளின் எண்ணிக்கை. ஆகவே வசூலை நேரடியாகப் பார்க்காமல், ஒரு காட்சிக்கு எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். காட்சிகள் பாதியானபோது காட்சிக்கு வருகிற ஆட்கள் கூடியிருந்தால், படம் நன்றாகப் போகிறது, தியேட்டர்தான் கிடைக்கவில்லை.

வெளியீட்டு நாள் காலையில் காட்சி ரத்தாவதும் நடக்கிறது. தயாரிப்பாளரின் பழைய கடன் பாக்கி தீராவிட்டால் டிஜிட்டல் பிரதியைத் திறக்கும் கே.டி.எம். சாவி தியேட்டருக்கு வராது. பிரச்சினை மாலையில் தீர்ந்தாலும் முதல் நாளின் வேகம் போனது போனதுதான், 'படம் வரலையாம்' என்ற பேச்சு மட்டும் மிஞ்சும். பரீட்சைக் காலம், மழை, ஐ.பி.எல். எல்லாம் இதே வகைத் தடைகள். சான்றிதழும் சேரும். 'ஏ' கிடைத்த படத்துக்குக் குழந்தைகளோடு வரும் குடும்பம் வராது, அதன் ஞாயிறு பகல் காலியாக இருப்பதற்கும் தரத்துக்கும் தொடர்பில்லை.

ஓ.டி.டி. இன்னொரு வரம்பு. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரத்தில் வீட்டுத் திரைக்கு வந்துவிடுகின்றன. இந்திப் பதிப்புக்கு எட்டு வார இடைவெளி கேட்கும் தேசிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள், அது இல்லாததால் 'லியோ'வின் இந்திப் பதிப்பைத் திரையிடவில்லை. நான்கு வாரம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், 'நல்லா இருக்குன்னு சொல்றாங்க' என்று கேட்ட பிறகும் காத்திருக்கத் துணிகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மெதுவாகப் பிடிக்கும் படங்களை இது அதிகம் பாதிக்கிறது.

எதிர்பார்ப்பே பகையாகிற கதையும் உண்டு. டிரெய்லர் அதிரடி காட்டி, படம் நிதானமான குடும்பக் கதையாக இருந்தால், வெள்ளியன்று வந்த கூட்டம் தவறான கூட்டம். அவர்கள் ஏமாந்து பேசுவதைக் கேட்டு, இந்தப் படத்தை உண்மையில் ரசித்திருக்கக்கூடியவர்கள் வராமலே போகிறார்கள். விளம்பரம் படத்தைப் பற்றி உண்மை சொல்வது ஒழுக்கத்துக்கு மட்டும் இல்லை, வியாபாரத்துக்கும் நல்லது.

நாட்கள் பேசிய காலம்

கோடிக் கணக்கு வருமுன் தமிழ் சினிமா நாட்களை எண்ணியது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. பிரதிகள் சில, தியேட்டர்கள் சில, பார்க்க விரும்பியவர்கள் முறை வைத்துக் காத்திருந்தார்கள். படம் நின்று ஓடினால்தான் பணம் என்பதால் நாட்களின் எண்ணிக்கை இயல்பாகவே வாய்மொழியை அளந்தது. அதிலும் கூட்டம் இல்லாமலே வலிந்து 'ஓட்டப்பட்ட' நாட்கள் இருந்தன, மறுப்பதற்கில்லை. இருந்தும் யாரும் வாங்க முன்வராததால் தயாரிப்பாளர் ராஜ்கண்ணு தானே வெளியிட்ட '16 வயதினிலே' 1977இல் வெள்ளிவிழா கண்டது அந்த அமைப்பில்தான். 1999 டிசம்பரில் விலைபோகாமல் கிடந்து மிகக் குறைந்த திரைகளில் வந்த 'சேது' நூறு நாள் தாண்டியதும் அந்த அமைப்பின் கடைசிக் காலத்தில்தான். இன்றைய முறையில் 'சேது' இரண்டாம் வெள்ளியைப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம்.

எந்த அமைப்பிலும் தப்பிப்போகும் படங்கள் உண்டு. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் தோற்றது. பின்பு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்தான் அதை மனப்பாடம் செய்தார்கள். 2010 பொங்கலுக்கு வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' கலவையான வரவேற்போடு போய், 2021 டிசம்பர் 31 அன்று மீண்டும் திரைக்கு வந்தது. இவற்றின் தரம் வெளியான வாரத்தில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இன்றும். 2004இல் பெரும் வெற்றி பெற்ற 'கில்லி' 2024 ஏப்ரலில் மறுபடி வந்து அரங்குகளை நிரப்பியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வசூலும் மக்கள் அன்பும் முதலிலேயே ஒத்துப்போகும் படங்களும் நிறைய இருக்கின்றன. மறுவெளியீட்டில் டிக்கெட் எடுப்பவர் படத்தை ஏற்கெனவே பார்த்தவர் என்பதால், அந்த வசூலில் எதிர்பார்ப்பின் கலப்படம் குறைவு.

தென் கொரியாவில் அரசு சார்ந்த திரைப்பட ஆணையம் நாடு முழுவதும் விற்கும் டிக்கெட்டுகளை ஒரே கணினி வலையில் சேர்த்து, ஒவ்வொரு படத்தையும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தினமும் வெளியிடுகிறது. திரைகளின் எண்ணிக்கையும் காட்சிகளின் எண்ணிக்கையும் அதோடு கிடைப்பதால், காட்சிக்கு எத்தனை பேர் என்பதை யாரும் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே அப்படி ஒரு பட்டியல் இல்லை. இருப்பதை வைத்துப் பார்ப்பதானால், படம் வந்த இரண்டாம் வியாழன் இரவு முன்பதிவுச் செயலியைத் திறந்து, மூன்றாம் வாரத்துக்கு எந்த ஊரில் எந்தக் காட்சிகள் மிஞ்சியிருக்கின்றன என்று பாருங்கள். மதுரையிலும் சேலத்திலும் மாலைக் காட்சி இன்னும் இருந்தால், தியேட்டர்காரர் புதுப் படத்தை மறுத்துவிட்டு இதை வைத்திருக்கிறார். தன் பணத்தை வைத்து அவர் எடுத்த முடிவு அது.